புதுப்பிப்பு: இந்திய எம்.எஸ்.டபிள்யூ. பட்டத்தை வைத்து அமெரிக்காவில் சமூகப் பணியாளர் உரிமம்

இந்திய எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் பட்டம்) போதுமா, மறுபடி படிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன். போதும், உரிமம் வாங்கியாயிற்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உரிமம் தருவது அந்தந்த மாநில வாரியம். எங்கள் வாரியம் முதலில் கேட்டது, அமெரிக்காவில் சமூகப் பணிப் படிப்புகளை அங்கீகரிக்கும் சி.எஸ்.டபிள்யூ.இ. அமைப்பின் வெளிநாட்டுப் பட்ட மதிப்பீடு. பொதுவான மதிப்பீட்டு நிறுவனங்களின் அறிக்கையை ஏற்கவில்லை.

கைகொடுத்தது களப்பணி பற்றிய யோசனைதான். அமெரிக்காவில் முதுநிலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி வேண்டும். நம் மதிப்பெண் பட்டியலிலோ ‘களப்பணி’ என்று ஒரு வரி, பக்கத்தில் மதிப்பெண், அவ்வளவுதான். “துறைத்தலைவரிடம் கடிதம் வாங்குங்க” என்று ஒருவர் சொன்னபடி, எந்தப் பருவம், எந்த நிறுவனம், எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று பிரித்து எழுதி, முத்திரையோடு வாங்கி அனுப்பினேன். அப்புறம் மறுகேள்வியே வரவில்லை.

எதிர்பாராத தலைவலி, பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. உரிமத்துக்கு எழுத வேண்டிய தேர்வின் மையத்தில் பதிவுப் பெயரும் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிந்துவிடுங்கள்.

நான் எழுதிய ஏ.எஸ்.டபிள்யூ.பி. (சமூகப் பணி வாரியங்களின் சங்கம்) தேர்வில் 170 கேள்விகள், 4 மணி நேரம். அதில் 20 கேள்விகள் மதிப்பெண்ணில் சேராது. எவை என்று சொல்லமாட்டார்கள். ‘முதலில் என்ன செய்வீர்கள்?’ வகைக் கேள்விகளுக்கு மனப்பாடம் உதவாது.

இது எல்.எம்.எஸ்.டபிள்யூ., அதாவது முதுநிலை அளவிலான உரிமம் மட்டுமே. அடுத்த படியான மருத்துவச் சமூகப் பணி (clinical) உரிமம் எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்கு மேற்பார்வையில் வேலை அனுபவமும் தனித் தேர்வும் உண்டு. அந்த மணிக்கணக்கு இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது.