குரோஷே கிரானி சதுரங்களை (கொக்கி ஊசியால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் துண்டுகள்) இணைத்தால் தையல் சுருங்குகிறது, என்ன செய்யலாம்?

குழந்தைப் போர்வை. 6×8 ஆக 48 சதுரங்கள், ஒவ்வொன்றும் 6 சுற்று, பக்கத்துக்கு 18 கண்ணி. அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி. குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டி நூலில் படாமல் ஆவி காட்டி எல்லாவற்றையும் 14 செ.மீ.க்குக் கொண்டுவந்தாச்சு; அளவு வித்தியாசம் காரணமில்லை.

பின்கண்ணியில் (கண்ணியின் மேல்விளிம்பில் பின்பக்க இழை) மட்டும் ஸ்லிப் ஸ்டிச் (உயரமில்லாத தட்டைக் கண்ணி) போட்டு இணைத்த முதல் வரிசை இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்லிப் ஸ்டிச் அவ்வளவாக நெகிழாது, தெரியும். இணைப்புக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி போதுமா, சிங்கிள் குரோஷேக்கு (அதைவிடச் சற்று உயரமான கண்ணி) மாறணுமா? அதில் மேடு தெரியும், நூலும் அதிகம் தின்னும்.

இன்னொன்று: நான்கு மூலை சேரும் இடத்தில் ஓட்டை விழுகிறது. நீளவாக்கு முடித்து அகலவாக்கு வரும்போது அங்கே ஒரு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டுத் தாண்டுவதா, மூலைக் கண்ணிகளைச் சேர்த்துப் பிடிப்பதா? இணைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். பின்பக்கப் படம் போட்டால் இன்னும் நல்லது.