கருப்பினப் பெண்களுக்குத் தனி ஓட்டக் குழு தேவையா?

சாலையோரன் (நியூ ஜெர்சி)
2009-ல் டோனி கேரி, ஆஷ்லி ஹிக்ஸ் என்ற இரண்டு தோழிகள் ‘பிளாக் கேர்ள்ஸ் ரன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கருப்பினப் பெண்களிடையே உடல் பருமனும் அதோடு வரும் நோய்களும் அதிகம் என்பதால் அவர்களை ஓட வைக்க வேண்டும் என்பது நோக்கம். இன்று அமெரிக்காவில் ஊருக்கு ஊர் அதற்குக் குழுக்கள் இருக்கின்றன. நோக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஜோடி ஷூ இருந்தால் யாரும் இறங்கி ஓடலாம் என்ற விளையாட்டில் நிறம் பார்த்துக் குழு சேர்ப்பது எனக்கு உறுத்துகிறது. 2020 பிப்ரவரி 29 அன்று அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க அணிக்கான ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டியில் பெண்களில் முதலிடம் அலிஃபின் டுலியாமுக், மூன்றாமிடம் சாலி கிப்யேகோ. இருவருமே கென்யாவில் பிறந்த கருப்பினப் பெண்கள். கதவு திறந்துதானே இருக்கிறது?

அட்லாண்டா மல்லிகா
சார், அட்லாண்டா இருக்கிற அதே ஜார்ஜியா மாநிலத்துல, அந்தப் போட்டிக்கு ஆறு நாள் முன்னாடி, பிப்ரவரி 23 அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னும் சேர்த்துப் பாருங்க. பிரன்ஸ்விக் பக்கத்துல அஹ்மட் ஆர்பெரிங்கற 25 வயசுப் பையன் ஓடப் போனான். மூணு வெள்ளைக்காரங்க ரெண்டு வண்டியில துரத்தி மடக்கினாங்க, ஒருத்தன் சுட்டுக் கொன்னான். மே மாசம் வீடியோ வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தரும் கைதாகல. 2021 நவம்பர்லதான் மூணு பேரும் கொலைக் குற்றவாளிகள்னு தீர்ப்பு வந்துச்சு. மேடையில ரெண்டு பேர் ஜெயிச்சதால, பக்கத்துத் தெருவுல ஓடற பொண்ணுக்குக் கதவு திறந்துடாது.

என் கூட வேலை பார்க்கிற ஒருத்தங்க இந்த மாதிரி ஒரு குழுவுல இருக்காங்க. அவங்க கூப்பிட்டு நானும் சில சனிக்கிழமை போயிருக்கேன். விடியறதுக்கு முன்னாடி ஒரு கார் பார்க்கிங்ல கூடுவாங்க. மைலுக்கு 11 நிமிஷம், 13 நிமிஷம், 15 நிமிஷம், அப்புறம் கொஞ்சம் ஓடிக் கொஞ்சம் நடக்கறவங்கன்னு வேகத்துக்குத் தகுந்த மாதிரி பிரிஞ்சு நிப்பாங்க. புதுசா வந்தவங்க யாருன்னு கேட்டு, ஆளுக்கு ஒரு துணை போடுவாங்க. கடைசி ஆள் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு காரும் கிளம்பாது. ஒருத்தங்க மூணு மைலுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. முன்னாடியே முடிச்சவங்க திரும்பப் போய், அவங்களோட கடைசித் திருப்பத்துல இருந்து கூடவே நடந்து வந்தாங்க. நான் முன்னாடி இருந்த பொதுக் குழுவுல, நான் முடிக்கும்போது தண்ணி மேசையையே மடிச்சு வண்டியில ஏத்தியிருப்பாங்க.

சாலையோரன்
ஆர்பெரிக்கு நடந்தது கொடுமை, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் இருட்டில் தனியாக ஓடப் பயப்படாத பெண் எந்த நிறத்திலும் கிடையாது. அப்படியானால் பெண்கள் குழு என்று எல்லாருக்கும் சேர்த்தே வைக்கலாமே. மெதுவாக ஓடுகிறவர்களுக்காகக் காத்திருப்பதும் நல்ல குழுவின் இலக்கணம். அதற்கு நிறம் எதற்கு?

தேன்மொழி (தோல் மருத்துவம்)
நிறம் எதற்கு என்று கேட்டதால் என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். கருப்பினப் பெண்கள் பலர் தலைமுடியை நேராக்கிக் கொள்கிறார்கள். சூட்டில் அழுத்தி நேராக்கிய முடி வியர்வை பட்டதும் மறுபடி சுருண்டுவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய சலூனில் பல மணி நேரமும் நிறையப் பணமும் ஆகும். நம் வீட்டில் தலைக்குக் குளித்து உலர்த்துகிற வேலையாக அதை நினைத்துவிடக் கூடாது. 2012-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில், கேட்கப்பட்ட நூற்றுச் சொச்சம் கருப்பினப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில், முடிக்காக உடற்பயிற்சியைத் தவிர்ப்பதுண்டு என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின், அவரும் கருப்பினப் பெண்தான், அட்லாண்டாவில் ஒரு சிகையலங்காரக் கண்காட்சிக்கே போய் இதைப் பற்றிப் பேசினார். ‘முடி கெட்டுவிடும் என்பதெல்லாம் ஒரு காரணமா’ என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலி இல்லாத இடத்தில்தான், திங்கட்கிழமை அலுவலகக் கூட்டம் இருக்கிறது, ஞாயிறு ஓடிவிட்டு முடியை எப்படிப் பின்னிக்கொள்வது என்று ஒருத்தி கூச்சமில்லாமல் கேட்பாள். பதிலும் அங்கேதான் கிடைக்கும்.

பழைய ஓட்டக்காரர்
நான் வேறு பக்கத்திலிருந்து மறுக்கிறேன். 1936-ல் ஹார்லெமில் கருப்பினத்தவர் தொடங்கிய நியூயார்க் பயனியர் கிளப்பைப் பாருங்கள். பெயர்பெற்ற நியூயார்க் அத்லெட்டிக் கிளப் அவர்களைச் சேர்க்காத காலம் அது. ஆனாலும் இவர்கள் சில ஆண்டுகளிலேயே எல்லா இனத்தவருக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த டெட் கார்பிட் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடினார். 1958-ல் உருவான நியூயார்க் ரோட் ரன்னர்ஸ் அமைப்புக்கு முதல் தலைவரும் அவர்தான். இன்று நியூயார்க் மாரத்தானை நடத்துவது அந்த அமைப்பு. எல்லாரையும் சேர்த்துக்கொண்டதால்தான் அவர்களால் அந்த ஊரின் ஓட்டத்தையே கட்டி எழுப்ப முடிந்தது. தனியாக ஒதுங்கியிருந்தால் நடந்திருக்குமா?

அட்லாண்டா மல்லிகா
ஐயா, நல்ல உதாரணம். ஆனா அந்தக் கிளப்பை முதல்ல தொடங்க வேண்டியிருந்தது கருப்பினத்தவங்களுக்குத்தானே. மத்தவங்களைச் சேர்த்துக்கறதுக்கு முன்னாடி, தங்களுக்குன்னு ஒரு இடம் இருந்துச்சு. 2013-ல அலிசன் டெசிர் தொடங்கின ஹார்லெம் ரன்னும் எல்லாருக்கும் திறந்ததுதான். நான் போற குழுவுலயும் என்னை யாரும் நிறம் கேட்டு நிறுத்தல. ஆனா யாரை மனசுல வெச்சு நடத்தறாங்கங்கறது தெளிவா இருக்கு, அது மாறக்கூடாதுன்னுதான் நானும் நினைக்கறேன்.

மேரிலின் பெவன்ஸ் பேரை எத்தனை பேர் கேட்டிருக்கோம்? பால்டிமோர்காரங்க, கருப்பினப் பெண். 1977 பாஸ்டன் மாரத்தான்ல பெண்கள்ல ரெண்டாவதா வந்தாங்க, 2 மணி 51 நிமிஷம். பெண்களை அந்தப் போட்டியில அதிகாரபூர்வமா ஓட விட்டே அப்போ அஞ்சு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அந்தப் பேரைச் சொல்லி வளர்த்திருந்தா, கருப்பினப் பொண்ணுன்னாலே 100 மீட்டர், 200 மீட்டர்னு பள்ளிக்கூடத்துல தள்ளிவிட்டிருப்பாங்களா? கென்யாவுல பிறந்தவங்க ஜெயிக்கறதை வெச்சு இங்க பிறந்து வளர்ந்த பொண்ணோட நிலைமையை அளக்காதீங்க சார். அவங்க பார்த்து வளர்ந்த ஊர் வேற.

இன்னொண்ணு. 2023 பாஸ்டன் மாரத்தான், 21-வது மைல், நியூட்டன். கருப்பின ஓட்டக்காரர்களை உற்சாகப்படுத்த பயனியர்ஸ் ரன் க்ரூ, டிரெயில்பிளேஸ்ஹர்ஸ் ரெண்டு குழுவும் நின்னாங்க. வழி நெடுக மத்தவங்களும் கத்தி ஆடிக்கிட்டுதான் இருந்தாங்க. போலீஸ் சைக்கிளைக் குறுக்கே வெச்சு வரிசையா மறிச்சு நின்னது இவங்க முன்னாடி மட்டும். போட்டி நடத்தறவங்க அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. கைதட்ட நின்ன இடத்துலயே இந்த நிலைமை.

பழைய ஓட்டக்காரர்
பாஸ்டன் சம்பவத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை, மா. ஆனாலும் என் கவலை அப்படியே இருக்கிறது. அவர்களுக்குத்தான் தனிக் குழு இருக்கிறதே என்று பெரிய அமைப்புகள் கையைக் கழுவிவிடும். விளம்பரத்துக்கு மட்டும் நான்கு கருப்பினப் பெண்களின் படத்தைப் போடுவார்கள். நிர்வாகக் குழுவில் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

தேன்மொழி
அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கையைக் கழுவினால் குற்றம் கழுவியவர்கள் மேல்தான் ஐயா. தங்களுக்கு ஓர் இடம் அமைத்துக்கொண்ட பெண்கள் அதற்குப் பொறுப்பாளிகள் அல்ல.

சாலையோரன்
தனிக் குழு வேண்டும் என்பதை இப்போதும் நான் முழுசாக ஏற்கவில்லை. பெயரில் நிறம் இருந்தால் ஒரு தலைமுறை கழித்து அதுவே வேலியாகிவிடும் என்று நினைக்கிறேன். ஆனால் தண்ணீர் மேசையை மடித்த விஷயம் எங்கள் குழுவிலும் நடக்கிறது. முடிக்கிறவர்களில் பாதிப் பேர் வந்ததும் கிளம்பிவிடுகிறோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.

அட்லாண்டா மல்லிகா
கேளுங்க சார். கடைசி ஆளோட கூட ஓடறதுக்கு வாரா வாரம் ஒருத்தர் பேரைப் பட்டியல்ல போடச் சொல்லுங்க, ‘யாராவது பார்த்துப்பாங்க’ன்னு விட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. அப்படியே உங்க குழுவுல கருப்பினப் பெண்கள் எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் ரெண்டாவது தடவை வரலன்னும் எடுத்துப் பாருங்க. வராதவங்ககிட்ட ஃபோன் பண்ணிக் கேட்க முடிஞ்சா இன்னும் நல்லது. என்ன சொன்னாங்கன்னு இங்கயே எழுதுங்க.