அரிசோனா மலைநடை: எங்கே போனீர்கள், என்ன ஆனது?

சாண்ட்லர்வாசி

வந்து ஏழு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், அரிசோனாவில் ஹைக்கிங் போக ரொம்ப அழகான இடம் எது. முன்பெல்லாம் பெரிய பட்டியலே கொடுப்பேன். இப்போது, எந்த மாதம் போகப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஃபீனிக்ஸ் 1,100 அடியில் இருக்கிறது, இரண்டரை மணி நேரம் வடக்கே ஓட்டினால் ஃபிளாக்ஸ்டாஃப், 7,000 அடி, ஏறக்குறைய நம்ம ஊட்டி உயரம். வழியிலேயே கள்ளியெல்லாம் காணாமல் போய்ப் பைன் மரம் வந்துவிடும். இடத்தின் பெயரைப் பார்க்கும் முன்னால் அது எத்தனை அடி உயரம் என்று பாருங்கள்.

நான் இதைக் கற்றது அடிபட்டுத்தான். வந்த முதல் ஜூன் மாதம், சென்னை வெயிலையே பார்த்தவன் என்ற திமிரில், ஊருக்கு நடுவிலேயே நிற்கிற கேமல்பேக் மலையில் எக்கோ கேன்யன் பாதையில் காலை ஒன்பது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரோடு ஏறினேன். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும், உடம்பு காய்கிறது என்று தெரியும். இங்கே வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது, சட்டை காய்ந்தே இருக்கிறது, நாமும் நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே போவோம். பாதி வழியில் தலை சுற்றி ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், பையிலிருந்து உப்புக் கலந்த பொடியை எடுத்து என் பாட்டிலில் கொட்டி, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். குடித்ததும் மேலே போகலாமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. வெப்ப எச்சரிக்கை நாட்களில் இந்த மாதிரிப் பாதைகளைப் பகலில் மூடியே வைக்கிறார்கள்.

அடுத்த மாதம் உஷாராக எதிர்ப்பக்கம் போனேன்: ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்தில் ஹம்ஃப்ரீஸ் சிகரம், 12,633 அடி, மாநிலத்திலேயே உயரம். போக வர சுமார் 10 மைல். அங்கேயும் உதைதான். ஜூலையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும் என்று யாரும் சொல்லவில்லை, அதாவது நான் யாரையும் கேட்கவில்லை. மரங்கள் முடிந்து வெறும் எரிமலைக் கல் தொடங்குகிற இடத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. மேலே ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது, விழுந்தடித்து இறங்கினேன். மறுபடி செப்டம்பர் கடைசியில் விடியற்காலையில் கிளம்பிப் போனபோதுதான் உச்சி கிடைத்தது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பூசி நிற்கின்றன. இதுதான் உச்சி என்று நம்பி ஏறினால் பின்னால் இன்னொன்று நிற்கும், அப்புறம் இன்னொன்று. உண்மையான உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே கிராண்ட் கேன்யன் ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. ஹோப்பி, நவஹோ மக்களுக்கு இது புனித மலை, மேலே போனால் கொஞ்சம் அடக்கமாக இருங்கள்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

டூசான் பொண்ணு

அண்ணா, வடக்கையே பாடிக்கொண்டிருந்தால் எப்படி, பாலைவனத்துக்கே வந்துவிட்டுப் பாலைவனத்தைப் பார்க்காமல்? ஊரிலிருந்து வந்த அம்மாவை மார்ச் மாதம் சவாரோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். "பாலைவனம்னு சொன்னியே, இங்க என்னடி எங்க பாத்தாலும் பச்சையா இருக்கு" என்றார். சொனோரன் பாலைவனத்துக்குக் குளிர்காலத்தில் ஒரு மழை, கோடையில் ஒரு மழை, இரண்டு உண்டு. அதனால்தான் இவ்வளவு மரமும் பூவும். சப்பாத்திக்கள்ளியைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நம்ம ஊர் வேலியோரச் செடி இங்கே எப்படி வந்தது என்று. அது இங்கேயிருந்துதான் அங்கே வந்தது என்று சொன்னால் நம்பவில்லை, இன்னும் நம்பவில்லை. சவாரோ கள்ளிக்கு முதல் கை, அதாவது பக்கக் கிளை, முளைக்கவே 50, 75 வருடம் ஆகும் என்றேன். அதற்கப்புறம் கை முளைத்த ஒவ்வொரு கள்ளியையும் "இது எங்க அப்பா வயசு இருக்கும்" என்று கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

இனி என் கதை. சோயா என்று ஒரு கள்ளி இருக்கிறது. பெயர் மளிகைச் சாமான் மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சுப் பொம்மை மாதிரி. லேசாக உரசினால் போதும், ஒரு துண்டு கழன்று உடம்பில் ஏறிவிடும், குதித்து வருகிற கள்ளி என்றே இதற்குப் பட்டப்பெயர். செல்ஃபி எடுக்கப் பின்னால் ஓர் அடி வைத்தேன், கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. கையால் எடுக்கப் போனேன், கையிலும் ஒட்டிக்கொண்டது. இப்போது காலும் கையும் ஒன்றாகச் சேர்ந்து குனிந்த நிலையில் நிற்கிறேன். அம்மா கைப்பையைத் திறந்து சீப்பை எடுத்தார். பல்லை உள்ளே விட்டு ஒரே நெம்பு, துண்டு பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. இங்கே இருக்கிற பழைய ஆட்களும் பையில் சீப்பு வைத்திருப்பது இதற்குத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதே நாள் சாயங்காலம் லெமன் மலைக்கு வண்டியில் போனோம், 9,000 அடிக்கு மேல். கீழே கள்ளி, அப்புறம் ஓக், அப்புறம் பைன், உச்சியில் நிழல் பக்கம் பழைய பனி. ஒரே நாளில் சீப்பும் ஸ்வெட்டரும் தேவைப்பட்டது.

பள்ளத்தில் விழுந்தவன்

(விழவில்லை, பெயர் மட்டும்தான்.)

கிராண்ட் கேன்யன், சவுத் கைபாப் டிரெயில், மே கடைசி. அடியில் ஓடுகிற கொலராடோ நதிவரை போய் அன்றே திரும்பி வந்துவிடலாம் என்று நாங்கள் நாலு பேர் திட்டம் போட்டோம். பூங்காக்காரர்கள் செய்யாதீர்கள் என்று ஊரெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள், படித்தோம், படம்கூட எடுத்தோம். சாதாரண மலை என்றால் களைத்துப்போனால் இறங்கிவிடலாம். இங்கே மலை தலைகீழாக இருக்கிறது: முதலில் சுகமாக இறங்குவீர்கள், களைத்த பிறகுதான் ஏற்றம். இறங்க இறங்க வெயிலும் கூடுகிறது, அடிவாரம் மேலே இருப்பதைவிட 20 டிகிரி சூடாக இருக்கும். அந்தப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஒன்றரை மைல் இறங்கினால் சீடர் ரிட்ஜ். அங்கே ஒரு ரேஞ்சர் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே விசாரித்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள் என்றெல்லாம் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இங்கேயே உட்கார்ந்து ரசித்துவிட்டுத் திரும்புங்கள், ஏறுவதற்கு இறங்கியதைப்போல இரண்டு மடங்கு நேரம் வையுங்கள் என்றார். நண்பனுக்குக் கோபம், எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தலைக்கு மேலே ஒரு கலிஃபோர்னியா காண்டோர் சுற்றியது, இறக்கையில் நம்பர் அட்டை கட்டிய பெரிய கழுகு. நதிக்கு ஓடியிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்போமா தெரியாது.

திரும்பும்போது கோவேறு கழுதை வரிசை வந்தது. வழி அவற்றுக்குத்தான். மலைப்பக்கமாக ஒட்டி நின்று சத்தம் போடாமல் இருக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்ற நண்பனைக் கழுதைக்காரர் போட்ட சத்தத்தில் அவனுடைய மிச்சக் கோபமும் இறங்கிவிட்டது.

கூட்டம் பிடிக்காதவர்

செடோனா பற்றி யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அழகுதான், சிவப்புப் பாறைதான், ஆனால் கதீட்ரல் ராக்கில் வண்டி நிறுத்த இடம் தேடியே எனக்குப் பாதி காலை போயிற்று. போவதானால் அக்டோபர் கடைசியில் ஓக் க்ரீக் வெஸ்ட் ஃபோர்க், மேப்பிள் இலை சிவந்திருக்கும், ஓடையைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போக வேண்டும், வெறுங்கால் சில்லிட்டுப் போகும்.

என்னைக் கேட்டால் சிரிகாவா. தென்கிழக்கு மூலை, வில்காக்ஸ் ஊரைத் தாண்டி. 2 கோடியே 70 லட்சம் வருடத்துக்கு முன்னால் ஓர் எரிமலை கக்கிய சாம்பல் கெட்டிப்பட்டுப் பாறையாகி, பிறகு தேய்ந்து தேய்ந்து தூண் தூணாக நிற்கிறது. யாரோ ஆள் வைத்து அடுக்கியது போல, சில தூணில் கழுத்து மெலிந்து மேலே பெரிய குண்டு. அபாச்சேக்களின் மண் அது. எக்கோ கேன்யன் சுற்றுப் பாதையில் (கேமல்பேக் அல்ல, இது வேறு எக்கோ கேன்யன்) ஒரு சனிக்கிழமை முழுக்க நாங்கள் பார்த்தது ஆறு மனிதர்கள், கோவாட்டி பதினான்கு. எண்ணினேன். கீரிக்கும் குரங்குக்கும் பிறந்தது போல ஒரு பிராணி, வாலைக் கொடிக்கம்பமாக நிமிர்த்திக்கொண்டு குடும்பத்தோடு பாதையைக் கடந்தது. கடைசிக் குட்டி நின்று எங்களைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்து ஓடியது. உள்ளே பெட்ரோல் கிடையாது, நிரப்பிக்கொண்டு போங்கள்.

சாண்ட்லர்வாசி

கோவாட்டி பதினான்கா, பொறாமையாக இருக்கிறது.

தனிச்செய்தியில் ஒருவர் ஆன்டிலோப் கேன்யன் கேட்டிருந்தார். நவஹோ மண்ணில் இருக்கிற குறுகலான பாறை இடுக்கு, வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள். 1997 ஆகஸ்ட்டில் எங்கேயோ சில மைல் தள்ளிப் பெய்த மழை அந்த இடுக்குக்குள் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள், தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் வானிலை பார்ப்பது அதனால்தான். இன்னொன்று, கடிகாரம். கோடையில் அரிசோனா நேரத்தை மாற்றாது, நவஹோ தேசம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். ஆன்டிலோப் பக்கத்துப் பேஜ் ஊரில் என் கைபேசி ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி நவஹோ நேரத்துக்குப் போய்விட்டது. விடிந்ததும் நேரமாகிவிட்டது என்று மனைவி திட்ட, பிள்ளைகளைப் பல்கூடத் தேய்க்கவிடாமல் ஓட்டிக்கொண்டு போனால், ஆன்டிலோப்பில் அரிசோனா நேரம்தானாம், ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கிறோம். அதே பயணத்தில் நவஹோ நேரத்தில் நடக்கிற மான்யுமென்ட் வேலிக்கு, புத்திசாலித்தனமாக அரிசோனா நேரம் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தாமதமாகப் போனோம். கணக்கு சரியாகிவிட்டது.

பிப்ரவரி கடைசி சனிக்கிழமை சூப்பர்ஸ்டிஷன் மலையில் பெரால்டா டிரெயில், ஃப்ரீமான்ட் சேடில்வரை போகலாம் என்று இருக்கிறோம். வீவர்ஸ் நீடில் பாறை எதிரே நின்று இட்லி சாப்பிட வேண்டும் என்பதுதான் திட்டம். வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது, காலை ஆறு மணி.

டூசான் பொண்ணு

நானும் அம்மாவும் வருகிறோம். மூன்று மாதம் விசா நீட்டித்திருக்கிறார். சீப்பு எடுத்துவைத்துவிட்டார்.