சிக்குன்குனியா போயிடுச்சு, மூட்டு வலி போகல: உங்க அனுபவம் சொல்லுங்க

மதுரைமல்லி:
2006ல சிக்குன்குனியா வந்தப்ப எங்க தெருவே படுத்துச்சு. எங்க வீட்ல அப்பா, தம்பி, அம்மா மூணு பேருக்கும் ஒண்ணா வந்துச்சு. அப்பாவும் தம்பியும் கொஞ்ச நாள் நொண்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க, அம்மாவுக்கு மட்டும் காலைல எந்திரிச்சா விரல் மடங்காது, பால் பாக்கெட் வெட்டக்கூட என்னையத்தான் கூப்பிடுவாங்க, வெயில் ஏற ஏற சரியாயிடும். வர்றவங்க போறவங்க எல்லாம் "நாப்பது தாண்டுனா பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்"னு சொல்லிட்டுப் போவாங்க. ஒரு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார். ரொம்ப நாள் கழிச்சு ஆன்ட்டி சிசிபின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ், முடக்குவாதம், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கற நோய்.

சிக்குன்குனியாதான் இதக் கொண்டு வந்துச்சான்னு ரூமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) டாக்டர்ட்ட கேட்டேன். அந்தக் காய்ச்சலோட வலி மாசக்கணக்குல இழுக்கும், சிலருக்கு வருஷக்கணக்குல, பாக்க அச்சு அசல் முடக்குவாதம் மாதிரியே இருக்கும், ஆனா அதுல சிசிபி பெரும்பாலும் நெகட்டிவாதான் வரும்மா, உங்கம்மாவுக்கு பாசிட்டிவ்ங்கறதால உள்ள ஏற்கனவே இருந்தத காய்ச்சல் கிளப்பி விட்டுருக்கலாம், காய்ச்சல் இல்லாமலே வந்திருக்கவும் செய்யலாம், அடிச்சுச் சொல்ல முடியாதுன்னார். அந்தக் காய்ச்சல் வலி நீண்டு போறதும் பொம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி, முடக்குவாதமும் ஆம்பளைங்கள விட ரெண்டு மூணு மடங்காம். ஏங்க எல்லாம் நமக்கே வருது?

கரூர்காரன்:
"நமக்கே"ன்னா நான் எங்க போறது மேடம், எனக்கு லூபஸ், எதிர்ப்பு சக்தி தோல், கிட்னின்னு சொந்த உடம்பையே தாக்கற நோய். பத்துல ஒம்போது பேர் பொம்பளைங்கன்னு சொல்றாங்கள்ல, அந்த மிச்ச ஒரு ஆள் நான்தான். மெடிக்கல் ரெப் வேலை, நாள் பூரா பைக்ல, அதனால முகம் சிவந்தப்ப வெயில் அலர்ஜின்னு க்ரீம் கொடுத்தாங்க. அப்புறம் கால் வீங்குச்சு, யூரின் நுரை நுரையா போச்சு, புரோட்டீன் லீக் ஆகுதுன்னு தெரிஞ்சும் யாருக்கும் ஏஎன்ஏன்னு லூபஸுக்குப் பாக்கற ரத்த டெஸ்ட் எடுக்கணும்னு தோணல (மீசை வச்சா லூபஸ் வராதுபோல). கிட்னி பயாப்சிலதான் மாட்டுச்சு. ஓபி வரிசைல உக்காந்தா இன்னமும் "தம்பி யாருக்குப் பாக்க வந்தீங்க, அக்காவுக்கா"ன்னு கேக்கறாங்க.

நீங்க கேட்டதுக்கு நான் படிச்ச வரைக்கும் சொல்றேன். ஹார்மோன் மட்டும் காரணம் இல்ல, எக்ஸ் குரோமோசோம்லயே விஷயம் இருக்கு. டிஎல்ஆர்7னு ஒரு ஜீன், ஆர்என்ஏ வைரஸ் உள்ள நுழைஞ்சா மோப்பம் பிடிச்சு உடம்ப உசுப்பி விடறது அதோட வேலை, அது இருக்கறது எக்ஸ்ல. பெண்களுக்கு ரெண்டு எக்ஸ் இருக்கறதால செல் ஒண்ண அணைச்சு வச்சிடும், ஆனா இந்த ஜீன் சில செல்லுல அணையாம தப்பிச்சு, ரெண்டு எக்ஸ்லயும் வேலை செய்யுது. 2022ல ஸ்பெயின்ல லூபஸ் இருந்த ஒரு பொண்ணுக்கு இதே ஜீன்ல ஒரு சின்ன மாற்றம் இருந்தத கண்டுபிடிச்சு, அதையே எலிக்கு வச்சப்ப எலிக்கும் லூபஸ் மாதிரி வந்துச்சு. அது போக எக்ஸ்எக்ஸ்ஒய்னு கூடுதல் எக்ஸோட பொறக்கற ஆம்பளைங்களுக்கு மத்த ஆம்பளைங்கள விட லூபஸ் ரிஸ்க் 14 மடங்கு பக்கம். எனக்கும் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தாங்க, சாதா எக்ஸ்ஒய்தான், அப்ப எனக்கு ஏன்னு கேட்டா பதில் இல்ல.

டெஸ்ட்டியூப்:
லேப்ல வேலை பாக்கறேன். போன மாசம் ஒரு பொண்ணு போன்ல ஸ்கிரீன்ஷாட்டோட வந்து, "ஈபிவி வைரஸ் இருந்தா எம்எஸ் வருமாமே, டெஸ்ட் எடுங்க"ன்னு ஒரே அழுகை (ஈபிவின்னா எப்ஸ்டீன்-பார் வைரஸ், எம்எஸ்னா மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், எதிர்ப்பு சக்தி மூளை, தண்டுவட நரம்பைத் தாக்கற நோய்). அந்தப் பொண்ணு கைல இருந்தது நிஜமான ஆராய்ச்சிதான். அமெரிக்க ராணுவத்துல எடுத்து வச்சிருந்த ரத்த சாம்பிள்ல, ஒரு கோடிக்கு மேல ஆளுங்கள 20 வருஷம் பாத்து 2022ல வெளியிட்டாங்க, ஈபிவி தொத்தினதுக்கு அப்புறம் எம்எஸ் ரிஸ்க் 32 மடங்கு ஏறுதுன்னு. ஆனா அந்த வைரஸ் உலகத்துல பத்துல ஒம்போது பெரியவங்களுக்கு மேல உடம்புல குடியிருக்கு, எனக்கும் இருக்கும் உங்களுக்கும் இருக்கும், எம்எஸ் வர்றது அதுல ரொம்பக் கொஞ்சம் பேருக்கு. பாசிட்டிவ்னு ரிப்போர்ட் கொடுத்தா அந்தப் பொண்ணு இன்னும் பயப்படும், அவ்வளவுதான் பிரயோஜனம், அதச் சொல்லித்தான் நரம்பு டாக்டர்ட்ட அனுப்பினேன்.

கரூர்காரன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. ரெண்டாவது எக்ஸ அணைக்கற எக்ஸிஸ்ட்னு ஒரு ஆர்என்ஏ, அதுல நிறைய புரோட்டீன் ஒட்டிட்டு இருக்கும், அதுங்க மேலயே உடம்பு ஆன்ட்டிபாடி விடுதாம். 2024ல ஸ்டான்ஃபோர்டுல அந்த எக்ஸிஸ்ட ஆண் எலிக்கு வச்சுப் பாத்தாங்க. சும்மா வச்சா ஒண்ணும் ஆகல, நோய் வரக்கூடிய ஜாதி எலியா இருந்து மேல ஒரு கெமிக்கலும் ஊசி போட்டப்பதான் பெண் எலி அளவுக்கு லூபஸ் மாதிரி வந்துச்சு. தூண்டறதுக்கு ஒண்ணு வேணும்ங்க, மனுஷனுக்கு அது சில நேரம் வைரஸா இருக்கலாம்.

ரெண்டுபுள்ளைக்காரி:
எனக்கு முடக்குவாதம், மாசமா இருந்தப்ப வலி சுத்தமா இல்ல, குணமாயிடுச்சுன்னே நெனச்சோம். குழந்தை பொறந்து கொஞ்ச நாள்ல மணிக்கட்டு வீங்கி புள்ளையத் தூக்க முடியல. மாமியார் "பச்ச உடம்பு, வாயு"ன்னு பூண்டு வறுத்துக் கொடுத்தாங்க, நிறைய பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் இப்படித் திரும்புமாம், டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஒரு விஷயம், முடக்குவாதத்துக்குக் கொடுக்கற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போடறவங்க குழந்தைக்கு ப்ளான் பண்ணா முன்கூட்டியே டாக்டர்ட்ட சொல்லி நிறுத்தணும். அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை, தினமும் போட்டு ஐசியூ வரைக்கும் போனவங்க இருக்காங்க.

மதுரைமல்லி:
எல்லாருக்கும் நன்றிங்க. டெஸ்ட்டியூப் அண்ணா, அம்மாவுக்கு இருக்கறதால எனக்கும் தங்கச்சிக்கும் ஏஎன்ஏ, சிசிபி எல்லாம் எடுத்துடலாமா?

டெஸ்ட்டியூப்:
விரல்ல வீக்கம், காலைல அரை மணி ஒரு மணி நேரம் இறுக்கம், விடாத காய்ச்சல், இந்த மாதிரி ஏதாச்சும் இருக்கா? ஏஎன்ஏ ஒண்ணும் இல்லாத ஆளுங்களுக்கே லேசா பாசிட்டிவ் காட்டும், பெண்களுக்கு இன்னும் ஜாஸ்தி.

மதுரைமல்லி:
எனக்கு ஒண்ணும் இல்ல. தங்கச்சி மட்டும் மோதிரம் டைட்டாகுதுன்னு ஒரு மாசமா சொல்லிட்டு இருக்கா.

டெஸ்ட்டியூப்:
அப்ப லேபுக்கு வராதீங்க, தங்கச்சிய மொதல்ல ரூமட்டாலஜி டாக்டர்ட்ட காட்டுங்க, என்ன டெஸ்ட்டுன்னு அவர் எழுதித் தரட்டும்.