பில்லில் ‘சி.இ.’ என்று போட்ட வைரம்: என்ன செய்திருப்பார்கள், எப்படிப் பார்ப்பது?

மாட்டுங்கா_வாசி:
ஜவேரி பஜாரில் ஒரு கடையில் 70 சென்ட் (0.70 காரட்) ஒற்றைக்கல் மோதிரம் பார்த்து வைத்திருக்கிறோம். கலர் ஜி, கிளாரிட்டி (கல்லில் எவ்வளவு குறை என்று சொல்லும் படி) எஸ்ஐ1 என்று கடையே அடித்துக் கொடுக்கும் அட்டை. இதே அளவுக்கு மற்ற கடைகளில் சொல்லும் விலையில் கிட்டத்தட்டப் பாதிதான். கொட்டேஷனில் கல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சி.இ.’ என்று இருக்கிறது. கேட்டால், “கிளாரிட்டி என்ஹான்ஸ்டு, ஆனால் ஒரிஜினல் வைரம்தான்” என்று டெஸ்டரை வைத்துக் காட்டினார்கள். பீப் அடித்தது. வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. இதில் என்ன செய்திருப்பார்கள்? லூப்பில் (நகைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) நாமே கண்டுபிடிக்க முடியுமா? பின்னால் ரிப்பேர், எக்ஸ்சேஞ்ச் என்று போனால் என்ன ஆகும்?

பத்து_மடங்கு:
டெஸ்டரை முதலில் ஓரம் கட்டுங்கள். கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும். விரிசலில் கண்ணாடி ஏற்றின வைரமும் பீப் அடிக்கும், லேபில் வளர்த்த வைரமும் பீப் அடிக்கும். ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது எல்லாமும் இந்த விஷயத்துக்கு உதவாது.

‘சி.இ.’ என்றால் பெரும்பாலும் விரிசல் நிரப்பின கல். வைரத்துக்குள் இருக்கும் விரிசலைத் தொழிலில் ‘ஃபெதர்’ என்பார்கள். விரிசல் கண்ணில் படுவதற்குக் காரணம் அதற்குள் இருக்கும் காற்று. வைரத்துக்குள் ஓடும் வெளிச்சம் அந்தக் காற்றுச் சுவரில் மோதித் திரும்புவதால் அந்த இடம் வெள்ளையாக, இறகு மாதிரி பளிச்சிடும். வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.42. அதற்கு நெருக்கமான எண் உள்ள ஈயக் கண்ணாடியை உருக்கி, வெளிப்பரப்பு வரை வந்து திறந்திருக்கும் விரிசலுக்குள் ஏற்றிவிட்டால் வெளிச்சம் முட்டாமல் கடந்து போய்விடும். விரிசல் அங்கேயேதான் இருக்கும், நம் கண்ணுக்குத் தப்பிவிடும். 1980களில் இஸ்ரேலில் ஸ்வி யெஹுடா வியாபாரத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

இங்கேதான் உங்கள் அட்டை இடிக்கிறது. அந்த எஸ்ஐ1 நிரப்பின பிறகு போட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டால் அதே கல் கீழ்ப் படிகளான ஐ1, ஐ2 என்று இறங்கலாம். வைரத்துக்குத் தரச் சான்று தரும் ஜிஐஏ லேப், விரிசல் நிரப்பின கல்லுக்கு கிரேடிங் ரிப்போர்ட்டே தருவதில்லை. கடை சொந்த அட்டை போட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

லேசர் துளை வேறு சங்கதி. கல்லுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தால், வெளியிலிருந்து அது வரைக்கும் லேசரால் முடியைவிட மெல்லிய துளை போட்டு, ஆசிட் இறக்கி அந்தக் கறுப்பை வெளுக்க வைப்பார்கள். இது நிரந்தரம், நெருப்புக்கு மாறாது. ஜிஐஏ இதற்கு கிரேடு கொடுக்கும், துளை இருப்பதையும் ரிப்போர்ட்டில் எழுதிவிடும். சில கற்களில் துளை போட்டுவிட்டு அந்தத் துளையிலேயே கண்ணாடியும் ஏற்றியிருப்பார்கள், அப்போது அது நிரப்பின கல் கணக்கு. எச்பிஎச்டி என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பழுப்புக் கல்லைக் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து நிறத்தை எடுப்பது, கிளாரிட்டிக்குச் செய்வது இல்லை.

இன்னொன்று. எஃப்எல் தொடங்கி ஐ3 வரை ஜிஐஏ வைத்திருக்கும் 11 படிகளும் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துப் போடுபவை. குறையின் அளவு, எத்தனை, எங்கே, எந்த வகை, எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது, ஐந்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் மேல்தட்டுக்கு நேர் கீழே கறுப்புப் புள்ளி உள்ள எஸ்ஐ1-உம், ஓரத்தில் பிராங்குக்கு (கல்லைப் பிடித்திருக்கும் தங்கக் கொக்கி) அடியில் மறையக்கூடிய வெள்ளை ஃபெதர் உள்ள எஸ்ஐ1-உம் கையில் போட்டால் ஒன்றாக இராது. காகபாதம் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்கள் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அந்தக் கறுப்புக் கீற்று ஓரத்தில் இருந்தால் தப்பும், நடுவில் இருந்தால் கல்லின் மற்ற முகங்களிலும் பிரதிபலித்து நாலாகத் தெரியும்.

கல்_பார்க்கிறவர்:
லூப்பில் பார்க்கலாம். ஆனால் கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே பார்த்தால் ஒன்றும் புரியாது, எல்லாக் கல்லும் ஜொலிக்கும்.

10 மடங்கு டிரிப்லெட் (மூன்று லென்ஸ் சேர்த்த) லூப் போதும். 30, 60 என்று அச்சடித்து விற்கும் மலிவு லூப்பு வேண்டாம், ஓரத்தில் நிறம் பிரியும், இந்த வேலைக்கு அதுவே குழப்பிவிடும். மோதிரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகு, லூப்பைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள். கல் லூப்பிலிருந்து ஒரு இஞ்ச் தூரம். இரண்டு முழங்கையும் மேஜையில் ஊன்றியிருக்க வேண்டும், மற்றக் கண்ணையும் திறந்தே வைக்க வேண்டும். இல்லையென்றால் கை ஆடும், ஐந்து நிமிடத்தில் கண் வலிக்கும்.

மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கவாட்டிலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும், கல்லுக்குப் பின்னால் கறுப்புத் துணி. மோதிரத்தை மிக மெதுவாக, மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். நிரப்பின விரிசல் ஒரு கட்டத்தில் ஆரஞ்சாகவோ ஊதாவாகவோ சட்டென்று மின்னும். இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பின்புலம் வெளிச்சமானால் அதே இடம் நீலமாக, பச்சையாக மாறும். தொழிலில் இதை ‘ஃபிளாஷ்’ என்பார்கள். கூடவே விரிசலுக்குள் தட்டையான குமிழி சிக்கியிருக்கிறதா, வெளிப்பரப்பில் விரிசல் முடியும் கோட்டில் கண்ணாடி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

லேசர் துளை பக்கவாட்டில் தெரியும்: மேல்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் நேரான வெள்ளை நூல், அதன் நுனியில் வெளுத்த ஒரு புள்ளி. இயற்கையில் இவ்வளவு நேராக ஒன்று வருவது அபூர்வம். உள்ளேயே லேசரால் சின்ன விரிசலைத் தூண்டிவிட்டு, அதன் வழியே ஆசிட் இறக்கும் கேஎம் என்ற முறையும் உண்டு. அது புழு ஊர்ந்த மாதிரி வளைந்து போகும், பார்த்தால் சாதாரண ஃபெதர் மாதிரியே இருக்கும். இதை லூப்பில் பிடிக்கப் பழகின கண் வேண்டும்.

மாட்டுங்கா_வாசி:
நன்றி சார். இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் வானவில் மாதிரிப் பல நிறமும் கலந்து தெரிந்தது. அதுதான் ஃபிளாஷா?

கல்_பார்க்கிறவர்:
பல நிறமும் ஒன்றாக வானவில்லாகத் தெரிந்தால் அது நிரப்பாத, காற்று அடைத்த விரிசலாகவே இருக்கலாம். விரிசலின் தட்டைப் பக்கத்தை நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் அது வரும். ஃபிளாஷ் ஒரு நேரத்தில் ஒரே நிறமாக வரும், விரிசலை விளிம்புப் பக்கமாக, கத்தியின் கூர்முனையைப் பார்ப்பது போலப் பார்க்கும்போது வரும். துருக்கறை ஏறின விரிசலும் ஆரஞ்சாக இருக்கும், ஆனால் எவ்வளவு சாய்த்தாலும் நீலமாக மாறாது. நீங்கள் பார்த்த அந்த ஓரத்தையே விளிம்புப் பக்கமாகத் திருப்பி இன்னொரு தடவை பாருங்கள். ஒரே கல்லில் நிரப்பின விரிசல் ஒன்றும் நிரப்பாதது ஒன்றும் இருக்கலாம், வெளிப்பரப்புக்கு வராத விரிசலுக்குள் கண்ணாடியை ஏற்ற வழி கிடையாது.

பட்டறை_மேஜை:
ரிப்பேர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எல்லா வம்பும் அங்கேதான் வெளியே வரும்.

மோதிரம் என்றால் சில வருஷத்துக்கு ஒரு முறை பிராங் தேய்ந்து, நுனியில் தங்கம் வைத்துப் பற்றவைக்க வேண்டிவரும். சாதாரண வைரத்தைக் கழற்றாமலே, போரிக் ஆசிட் பூச்சுக் கொடுத்து டார்ச் காட்டுவது பழக்கம். பூச்சு எதற்கென்றால், காற்றில் சுமார் 850 டிகிரி போனால் வைரத்தின் மேல்பரப்பே எரிந்து பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும். ஈயக் கண்ணாடி அதற்கு ரொம்ப முன்பே இளகிவிடும். உருகி, விரிசல் வாயில் வியர்வை மாதிரி மணிமணியாகத் துளிர்க்கும். உள்ளே மறைந்திருந்த விரிசல் அன்றைக்கு வெள்ளையாக வெளியே வரும். வேலை செய்தவர் கல்லை உடைத்துவிட்டதாகத்தான் வீட்டில் நினைப்பார்கள், சண்டையும் வரும். பற்றவைத்த பின் போடும் ஆசிட், கழுவும் அல்ட்ராசானிக், ஸ்டீம் எல்லாமும் நிரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ரோடியம் முலாம் போடக் கொடுத்தால்கூட முதல் வேலை அல்ட்ராசானிக்கில் போடுவதுதான். வீட்டில் மிதமான வெந்நீர், சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவே.

அதனால் நிரப்பின கல் என்று தெரிந்தே வாங்கினால், சைஸ் கூட்டக் குறைக்கக் கொடுக்கும்போதும் ‘கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்யவும்’ என்று ஜாப் ஸ்லிப்பில் எழுதி வாங்குங்கள். மோதிரத்தில் இந்தக் கல் எனக்கு உவப்பில்லை. பெண்டன்ட்டில் போட்டால் பற்றவைக்கிற வேலை ரொம்பக் குறைவு.

ஏழு_கல்:
இடையில் ஒரு கேள்வி. பாட்டி காலத்து ஏழு கல் தோட்டிலும் இப்படி இருக்குமா?

பத்து_மடங்கு:
1980க்கு முன் கட்டினது, அதற்குப் பிறகு கல்லை எடுத்து மறுபடி கட்டவில்லை என்றால் கண்ணாடி நிரப்புக்கு வழியில்லை. ஆனால் பின்பக்கம் அடைத்துக் கட்டின தோட்டில் அடிப்பக்கத்தைப் பார்க்கவே முடியாது, உள்ளே அழுக்கும் எண்ணெயும் இறங்கியிருந்தால் நல்ல கல்லும் மங்கிக் காட்டும். கழற்றாமல் கிரேடு சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ரசீது_முக்கியம்:
கேட்டவருக்குக் காகித விஷயம். ஹால்மார்க்கும் அந்த 6 எழுத்து எச்யுஐடி அடையாள எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

நகையாகவே லேபுக்குக் கொடுத்து வாங்கும் ரிப்போர்ட்டில் ‘செட்டிங் அனுமதிக்கும் அளவுக்கு’ பார்த்ததாக எழுதியிருக்கும். பிராங்குக்கு அடியில் இருப்பது கணக்கில் வராமல் போகலாம், எடையும் அளவை வைத்துப் போட்ட மதிப்பீடாக இருக்கும். 70 சென்டுக்குக் கல்லைக் கழற்றித் தனியாகக் கொடுப்பதே சரி. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸிலேயே ஜிஐஏ, ஐஜிஐ இரண்டு லேபும் இருக்கின்றன.

ரிப்போர்ட் உள்ள கல்லை வாங்கும்போது ஓரத்தில் பொறித்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், எடையும் மில்லிமீட்டர் அளவும் இரண்டு தசமம் வரை ஒத்துப்போக வேண்டும். கீழே கமென்ட்ஸ் பகுதியையும் படியுங்கள். கிரேடு வரைபடத்தில் காட்டாத மேகங்களை (மிகப் பொடிப் புள்ளிகளின் கூட்டம்) வைத்துப் போட்டது என்று இருந்தால், எஸ்ஐ2 மாதிரிக் கல்லில் புள்ளி ஒன்றும் தெரியாமலே கல் முழுக்கப் பனிமூட்டம் மாதிரி மங்கல் இருக்கலாம். அதை லூப்பில் தேட வேண்டாம், பக்கத்தில் எஸ்ஐக்கு மேல் படியான ஒரு விஎஸ் கல்லை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பில்லில் ‘சி.இ.’ என்ற சுருக்கத்தை ஏற்காதீர்கள். நிரப்பின கல் என்றால் ‘விரிசல் நிரப்பியது’ என்று முழுதாக எழுதட்டும். வேறு கல் வாங்கினால் ‘இயற்கை வைரம், நிரப்பு, லேசர் துளை, எச்பிஎச்டி, கோட்டிங் எதுவும் இல்லை’ என்று எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். எக்ஸ்சேஞ்ச் சதவீதம் இந்தக் கல்லுக்கும் உண்டா என்று தனியாகக் கேளுங்கள், பல கடைகளில் நிரப்பின கல்லைத் திரும்ப எடுப்பதில்லை. விலையை எஸ்ஐ1-உடன் ஒப்பிடாமல், நிரப்பாத 70 சென்ட் ஐ1, ஐ2 என்ன விலை என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பாதி விலை மலிவா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும்.