சண்டைக்குக் காரணம் ஆட்களின் குணமா, சூப்பர்வைசரா?

நொய்யல்வாசி:
திருப்பூரில் ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் தையல் லைன் ஒன்றின் சூப்பர்வைசர் மிகவும் கண்டிப்பானவர்; அவர் இருக்கும்வரை ஒரு சத்தமும் எழாது, அவர் விடுப்பில் போனாலோ அன்றைக்கே யாராவது மோதிக்கொள்கிறார்கள். அடுத்த லைனின் சூப்பர்வைசரோ "உங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று நகர்ந்துவிடுவார். அங்கே ஃபிளாட்லாக் மெஷினில் தைக்கும் டெய்லருக்கும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்ணுக்கும் நாள்தோறும் வாக்குவாதம். குணம் சரியில்லாதவர்களை இடம் மாற்றினால் போதும் என்கிறார் மேலாளர். அது சரிதானா?

குறிஞ்சி:
உளவியலாளர்கள் குர்ட் லெவின், லிப்பிட், வைட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் மன்றங்களை வைத்து நடத்தி 1939-இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு உதவும். அதிகாரம் செலுத்திய தலைவரின் கீழ் சில குழுக்கள் வாய் திறக்காமல் இருந்து, பிடி தளர்ந்த நாளில் வெடித்தன. எதிலும் தலையிடாத தலைவரின் கீழும் சச்சரவு மிகுந்தது. தலைவர் மாறியதும் அதே சிறுவர்களின் நடத்தையும் மாறியது என்பதே இதில் முக்கியம். ஆயினும், 20 பேரில் 19 பேர் அதிகாரம் செலுத்தியவரைவிடக் கலந்து பேசி நடத்திய தலைவரையே விரும்பியபோது, ராணுவ அதிகாரி ஒருவரின் மகன் மட்டும் அதிகாரத் தலைவரை விரும்பினான். ஆகவே குணமும் வளர்ப்பும் பொருட்டே அல்ல என்று தள்ளிவிட முடியாது.

ஓவர்லாக்:
அந்தச் சிறுவர்களுக்குக் கூலிக் கணக்கு இல்லையே, ஐயா. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், வேலை செய்பவருக்கு, செக்கிங்கிலிருந்து திரும்பிய பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. துணியிலேயே ஓட்டை இருந்ததா, தையல் விட்டதா என்று சொல்ல வேண்டிய சூப்பர்வைசர் ஒதுங்கிக்கொண்டால், அந்தத் தீர்ப்பு அதற்கு அதிகாரமே இல்லாத செக்கிங் பெண்ணின் தலையில் விழுகிறது. வேலையைப் பற்றிய தகராறு ஆள்மீது பகையாவது இப்படித்தான். நான் பார்த்தவரை, மிரட்டுபவரைவிட முடிவு சொல்லாதவரால் வந்த சண்டைகளே அதிகம்.

மலர்:
எல்லாவற்றையும் சூப்பர்வைசர்மீது போடுவதும் நியாயமில்லை. சட்டென்று புண்படும் சுபாவமுள்ளவரிடம் நாலு பேர் முன்னால் பீஸை வீசினால் அது அவமானமாகவே போய்ச் சேரும். இன்னொருவர் அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துத் தைத்துவிடுவார். உங்கள் டெய்லரும் செக்கிங் பெண்ணும் முன்பிருந்த லைன்களிலும் இப்படித்தான் இருந்தார்களா என்று விசாரித்தீர்களா?

நொய்யல்வாசி:
பதிவேட்டைப் பார்த்தேன், இருவர்மீதும் பழைய புகார் எதுவும் இல்லை. ஆனால் டெய்லர் அந்தக் கண்டிப்பான லைனிலிருந்து வந்தவர் என்பதால், அங்கே புகார் இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. திரும்பும் பீஸுக்கு யார் முடிவு சொல்வது என்பதை எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். இடமாற்றத்தை மேலாளரிடம் பேசி நிறுத்திவைத்தாயிற்று.