டென்னிஸ் ஆட்டக்காரரின் குணம் அவருடைய ஆட்டத்தில் தெரிகிறதா?

வலையோரம் கேட்டது:
பொறுமைசாலிகள் களத்தின் பின்கோடான பேஸ்லைனில் நின்று பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், அவசரக்காரர்கள் வலையை நோக்கி ஓடி வருவார்கள் என்று வர்ணனையாளர்கள் சொல்லக் கேட்கிறோம். ஜான் மெக்கன்ரோவைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றுகிறது. நடுவரோடு மல்லுக்கு நின்ற அதே வேகம் சர்வ் செய்தவுடன் வலைக்கு ஓடிவந்து, பந்து தரையில் படுமுன் அடிக்கும் அவருடைய சர்வ்-வாலி ஆட்டத்திலும் இருந்தது. ஆனால் முதலில் பழகிய தரை, கற்றுக்கொடுத்தவர், வளர்ந்த வீடு ஆகியவற்றுக்கு இதில் பங்கில்லையா? பிறவிக் குணம் எந்த அளவுக்கு ஆட்டப் பாணியைத் தீர்மானிக்கிறது என்று நண்பர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ரசிகன் எழுதியது:
மெக்கன்ரோவைச் சொன்னீர்கள், அவருடைய எதிராளியையும் பார்த்துவிடுவோம். பனிக்கட்டி என்று பெயரெடுத்த பியான் போர்க், சிறுவயதில் மட்டையை வீசியெறிந்ததற்காகத் தன் கிளப்பாலேயே சில காலம் விலக்கி வைக்கப்பட்டவர். அந்தக் கோபக்காரப் பையன்தான் பின்னர் முகத்தில் சலனமே காட்டாமல் 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனை வென்றார். அவருடைய இரு கைப் பேக்ஹேண்டுக்கு (ஆடும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை, மட்டையை இரு கையாலும் பிடித்து அடிப்பதற்கு) வேர் குணத்தில் இல்லை, ஸ்வீடனில் அவர் சிறுவனாக ஆடிய ஐஸ் ஹாக்கியில் இருக்கிறது என்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட விளக்கங்களையும் சற்று எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ் பார்டியின் ஸ்லைஸை (பந்தைச் சீவி அடிக்கும் அடியை) இடையில் அவர் ஆடிய கிரிக்கெட்டோடு முடிச்சுப் போடுபவர்கள், கிரிக்கெட்டுக்குப் போவதற்கு முன்பே, 2011இல் ஜூனியர் விம்பிள்டனை வென்றபோதே, அந்த ஸ்லைஸ் அவர் கையில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

இடக்கை எழுதியது:
கற்றுக்கொடுத்தவரின் பங்கை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். பீட் சாம்பிரஸ் இரு கைப் பேக்ஹேண்டோடு வளர்ந்தவர். விம்பிள்டனை மனத்தில் வைத்து அதை ஒரு கையாக மாற்றச் செய்தவர், குழந்தை மருத்துவராக இருந்துகொண்டே அவருக்குப் பயிற்சியளித்த பீட் ஃபிஷர். வலை நோக்கிய அந்த ஆட்டம் முழுவதும் இன்னொருவர் போட்ட திட்டத்தில் தொடங்கியது. ஆந்திரே அகாசியின் கதை இன்னும் வேடிக்கையானது. ஈரானுக்காக ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இறங்கிய அவருடைய தந்தை, வேகத்தைக் கூட்டிய பந்து வீசும் இயந்திரத்தின் முன் மகனை நிறுத்தி, பந்து எழும்பும்போதே அடிக்கப் பழக்கினார். உடையிலும் முடியிலும் அத்தனை கலகம் செய்தவர், களத்தில் அப்பா பழக்கிய அடியைத்தான் கடைசிவரை அடித்தார்.

வலையோரம் எழுதியது:
அப்படியானால் குணம் எங்கேதான் தெரிகிறது, ஐயா? ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடாலின் பொறுமையும் வெறும் பயிற்சிதானா?

பழைய ரசிகன் எழுதியது:
களிமண் தரையில் பந்து மெதுவாக வந்து உயரமாக எழும்புவதால், ஓங்கி அடித்தாலும் எதிராளிக்குப் பந்தை எட்ட நேரம் கிடைத்துவிடுகிறது. ஒரு புள்ளிக்கே பல அடிகள் தேவைப்படும் அங்கே பொறுமையில்லாத சிறுவன் தோற்றுத் தோற்று ஒன்று மாறுகிறான், அல்லது விலகிப் போகிறான். மயோர்க்கா தீவில் சித்தப்பா டோனியின் கண்டிப்பில் வளர்ந்த நடாலிடம் நாம் கண்ட பொறுமை, அந்தத் தரை வடிகட்டித் தந்தது என்றே நான் கருதுகிறேன். பிறவிக் குணம் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுதுவதற்கு வலக்கையைப் பயன்படுத்துபவர் இடக்கையால் ஆடி 14 பிரெஞ்சு ஓபன் பட்டங்களை வெல்வதற்குப் பிடிவாதமும் வேண்டும்.

இடக்கை எழுதியது:
குணம் தெரிவது அடியில் அல்ல, நெருக்கடியான புள்ளியில் எந்த அடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒரு தவறுக்குப் பிறகு அடுத்த பந்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதில்தான். 1984 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் முதல் இரண்டு செட்களை வென்ற மெக்கன்ரோ, களத்தோர ஒளிப்பதிவாளரின் ஹெட்போனிலிருந்து வந்த சத்தத்தில் எரிச்சலடைந்து, கடைசியில் எதிராளி இவான் லெண்டலிடம் ஐந்து செட்களில் தோற்றார். ஃபெடரரும் இளமையில் மட்டையை உடைத்தவர்தான். கோபம் அடங்கி 2003இல் முதல் விம்பிள்டனை வென்றபோது ஆடும் கைப்பக்கம் அடிக்கும் அவருடைய ஃபோர்ஹேண்ட் பழைய ஃபோர்ஹேண்டாகவே இருந்தது.